அடைத்த அறையில் தூவல்

பிப்ரவரி 6

அண்ணாவுக்கு,

உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அண்ணி எழுதித்தான் எனக்குத் தெரிந்தது. நீயாக எங்கே சொல்லப்போகிறாய்! நான் இங்கே சுகம். நாள் முழுக்க ஈரத்தில் நின்று வேலை செய்தும் போன இருமல் திரும்பி வரவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். எல்லாத் தீயணைப்பு நிலையங்களுக்கும் இனி குழாய் முனைக்கு ஒரே வகை நாசில் வாங்குவது என்று தலைமை அலுவலகத்தில் பேசுகிறார்கள். எந்த வகை என்று சோதித்துச் சொல்லும் வேலை எங்கள் சோதனைக்கூடத்துக்கு வந்தது. எங்கள் பெரிய இன்ஜினியர் அதை அப்படியே தூக்கி என் தலையில் வைத்துவிட்டார். இப்போது என் மேசைமேல் இரண்டும் கிடக்கின்றன. ஒன்று, நீ பழகிய நேர்நாசில். வெறும் பித்தளைக் குழல்தான். தண்ணீர் கம்பிபோலப் பாய்கிறது. மற்றது தூவல்நாசில். தலையைத் திருகினால் தண்ணீர் குடைபோல விரிகிறது. அந்தக் குடைக்குப் பின்னால் நின்றால் சூடு தெரியவில்லை.

உன் நிலையத்துக்கு இரண்டு தூவல்நாசில்கள் அனுப்ப அனுமதி வாங்கியிருக்கிறேன். பயன்படுத்திப் பார்த்து எழுது. நிலையத்துப் போனில் வீட்டுக் கதை பேசக்கூடாது என்பது உன் சட்டம். அதுவும் நல்லதற்குத்தான். போனில் என்றால் பாதிப் பேச்சிலேயே சண்டைக்கு வருவாய். கடிதம் என்றால் கடைசிவரை படித்துவிட்டுத்தான் வர முடியும்.

அண்ணியையும் சின்னவளையும் நான் விசாரித்ததாகச் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 20

வாலு,

முழங்கால் என் பேச்சைக் கேட்கிறது. உன் அண்ணிதான் கேட்பதில்லை. தினமும் எண்ணெய்யும் கையுமாகத் துரத்துகிறாள். நீ ஈரத்தில் நிற்பதைக் குறைத்துக்கொள்.

பார்சல் வந்தது. பிரித்ததும் நிலையமே சிரித்தது. "இது தீயை அணைக்கவா, ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்தவா?" என்று டிரைவர் கேட்டான். நானும் சேர்ந்து சிரித்தேன் என்பதை மறைக்கவில்லை. சிரிக்காதவன் ஒருவன்தான், நிதானம். அவனை நீ பார்த்ததில்லை. நாசிலைப் பிடித்துக்கொண்டு நான் முன்னால் போனால், குழாயைத் தாங்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வருகிறவன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நாங்கள் இருவரும் ஒரு ஜோடி. படியேறும்போதெல்லாம் "நிதானம், நிதானம்" என்று என் முதுகில் தட்டுவான். அதுவே அவனுக்குப் பெயராகிவிட்டது. அவன் உன் நாசிலைக் கையில் வாங்கி, திருகி, ஊதிப் பார்த்துவிட்டு, "மண்ணு போனா அடைச்சுக்குமே" என்றான்.

எங்கள் ஊர் உனக்குத் தெரியும். குறுகலான படிகள் வைத்த மாடிக் குடியிருப்புகள், கிழட்டு வண்டி. மேல் மாடிக்குத் தண்ணீர் ஏற்றினால் பம்ப் மூச்சு வாங்கும். அந்தக் கொஞ்சப் பிரஷரிலும் நேர்நாசில் கூரைவரை அடிக்கும். உன் குடை அங்கே விரியுமா? குடைக்கே ஜலதோஷம் பிடித்துவிடும்.

நீ அனுப்பியதால் வண்டியில் ஒரு மூலையில் வைத்திருக்கிறேன். அவ்வளவுதான்.

அண்ணன்


மார்ச் 5

அண்ணாவுக்கு,

சின்னவளுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டேன். இப்போது எழுந்து நடமாடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். கோபத்தில்கூட ஆரோக்கியமாக இருக்கிறேன்.

மூலையில் வைப்பதற்கா அனுப்பினேன்? எனக்கு இந்த வேலை கிடைத்தபோது நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? "தண்ணியப் பீச்சி அளக்குறதுக்குச் சம்பளமா!" சொந்தத்தில் ஒரு கல்யாணப் பந்தலில் நீ சொல்ல, அத்தனை பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும் என்னைப் பார்த்தார்.

போகட்டும். உன்னைப் பாராட்டச் சொல்லவில்லை. பயன்படுத்திப் பார்த்துவிட்டுத் திட்டு. கூடத்தில் நான் பார்ப்பது இரும்புத் தகடும் சூடு காட்டும் முள்ளும்தான். உள்ளே போகிறவன் நீ. நீ திட்டினால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. பார்க்காமலே திட்டினால் அது வெறும் அண்ணன்தனம்.

அண்ணியின் எண்ணெய்க்கு அடங்கிப் போ.

தங்கை


ஏப்ரல் 10

வாலு,

சின்னவள் குதிக்கிறாள். முழங்கால் சொன்னபடி கேட்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? உட்கார்ந்து படி, நின்றுகொண்டு படித்தால் மயக்கம் வரும்.

நீ ஜெயித்துவிட்டாய்.

போன வாரம் பாலத்துக்குக் கீழே ஒரு லாரி கவிழ்ந்து டீசல் டேங்க் பற்றிக்கொண்டது. டிரைவரின் கால் உள்ளே மாட்டியிருந்தது. நேர்நாசிலால் அடித்தேன். எரிகிற டீசல் தண்ணீரோடு சேர்ந்து அவன் பக்கமே ஓடப் பார்த்தது. நிறுத்தச் சொல்லிவிட்டு மூலையில் கிடந்த உன் சாமானை எடுத்து மாட்டினேன். முழுக்கத் திருகினேன். என்ன சொல்வது! எனக்கும் நெருப்புக்கும் நடுவில் ஒரு சுவர் எழுந்தது. அந்தச் சுவரைத் தள்ளிக்கொண்டே நானும் நிதானமும் நடந்து போனோம். நான் தண்ணீரைப் பிடித்துக்கொள்ள, மற்ற இருவர் கதவை நெம்பி டிரைவரை வெளியே இழுத்தார்கள். என் புருவம்கூடக் கருகவில்லை.

நிலையத்தில் இப்போது அதற்குப் பெயரே "தங்கச்சி நாசில்". வருகிறவன் போகிறவனிடமெல்லாம், "இது என் தங்கச்சி சோதிச்சு அனுப்பினது" என்று சொல்லிக் கொண்டிருக்கிறேன். நிதானத்துக்கு மட்டும் இன்னும் திருப்தி இல்லை. "வெளியில நல்லாத்தான் இருக்கு. அடைச்ச ரூமுக்குள்ள எப்படின்னு பாக்கணும்" என்கிறான். அவன் பாயசத்திலும் உப்பு பார்க்கிறவன்.

பந்தலில் நான் சொன்னது தப்பு. அப்பா இருந்திருந்தால் அவர் எதிரிலேயே சொல்லியிருப்பேன்.

அண்ணன்


மே 14

அண்ணாவுக்கு,

எல்லோரும் சுகம்தானே? பதில் தாமதமாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை, வேலைதான்.

உன் கடிதத்தைப் பலமுறை படித்தேன். பக்கத்து மேசைக்காரிக்கும் படித்துக் காட்டினேன். அவளுக்கு அதில் என்ன இருக்கிறது என்று புரியவில்லை. லாரி டிரைவர் பிழைத்ததற்குச் சந்தோஷப்பட்டாள். நான் எதற்குச் சந்தோஷப்பட்டேன் என்று உனக்குத் தெரியும்.

இங்கே இரும்புத் தகட்டால் ஒரு அறை கட்டியிருக்கிறோம். ஒரே கதவு, ஜன்னல் கிடையாது. உள்ளே தீ வைத்து இரண்டு நாசிலையும் சோதிக்கிறோம். அது இன்னும் முடியவில்லை. முடிந்ததும் விரிவாக எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். மாடி வீடுகளுக்குள் போகும்போது எதைக் கொண்டு போகிறாய்?

அண்ணியிடம் நான் ஜூலையில் வரப் பார்க்கிறேன் என்று சொல்.

தங்கை


மே 28

வாலு,

இங்கே வெயில்தான் நோய், வேறொன்றும் இல்லை. நீ கஞ்சத்தனம் பண்ணாமல் சாப்பிடு. அண்ணி கேட்கச் சொன்னாள்.

இது என்ன கேள்வி? உன்னுடையதைத்தான் கொண்டு போகிறேன். நேர்நாசிலை வண்டியின் அடிப்பெட்டியில் போட்டாயிற்று. எதற்குக் கேட்டாய்? ஏதாவது இருந்தால் எழுது. இல்லை, இன்னொரு தரம் பாராட்டு வாங்கத்தான் கேட்டாய் என்றால், இந்தா வாங்கிக்கொள்: உன் நாசில் நல்ல நாசில்.

ஜூலையில் வந்தால் நிலையத்துக்குக் கூட்டிப்போகிறேன். பயல்கள் உன்னைப் பார்க்க வேண்டுமாம். நிதானம் உன்னிடம் கேட்க ஒரு மூட்டைக் கேள்வி வைத்திருக்கிறான்.

அண்ணன்


ஜூலை 9

வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். நீ சுகம் என்று நம்புகிறேன். உன் அண்ணன் உயிருக்கு ஒன்றுமில்லை. முதலில் அதைப் படித்துக்கொள்.

போன மாதக் கடைசியில், மத்தியான வேளை, கடைத்தெருவில் ஒரு மூன்றாம் மாடியில் தீப்பிடித்தது. மெத்தை தைக்கிற இடம். ஜன்னலையெல்லாம் பலகை அடித்து மூடி வைத்திருந்தார்களாம். உள்ளே ஆள் மாட்டியிருப்பதாக யாரோ கத்த, இவர்கள் இருவரும் ஓடியிருக்கிறார்கள். ஆள் யாரும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. கதவைத் திறந்ததும் சூடு அடித்திருக்கிறது. இவர் முழங்காலில் உட்கார்ந்து நாசிலை முழுக்க விரித்துத் திறந்துவிட்டார். மறு நிமிஷம் உள்ளேயிருந்து வெந்நீர் ஆவி திரும்பிக் கிளம்பி இவர் தலைக்குமேல் போயிருக்கிறது. இவர் தாழ உட்கார்ந்திருந்ததால் காதும் கையும் வெந்ததோடு தப்பித்தார். பின்னால் நிதானம் வாசற்படியில் குழாயைத் தூக்கிப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். முகம், கழுத்து, தொண்டை. பிழைத்துவிடுவார் என்கிறார்கள். குரல் வருமா என்று தெரியவில்லையாம்.

இவருக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "வாலுக்கு எழுதட்டுமா?" என்று கேட்டேன். "வேணாம், அவ பயந்துடுவா" என்றார். அவர் பேச்சை மீறித்தான் எழுதுகிறேன்.

மே மாதக் கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லையே. ஏன் அம்மா? தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணி


ஜூலை 16

அண்ணா,

உன் கை எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன். நிதானம் அண்ணனுக்கு எப்படி இருக்கிறது?

"எதற்குக் கேட்டாய்" என்று எழுதியிருந்தாய். இப்போது சொல்கிறேன்.

நீ ஜெயித்துவிட்டாய் என்ற கடிதம் எனக்குக் கிடைத்த அதே வாரம் இரும்பறையில் முதல் சோதனை நடந்தது. நாசிலுக்குப் பின்னால், ஆள் நிற்கும் இடத்தில், கோட்டு மாட்டிய மணல்மூட்டையை நிறுத்தி அதில் சூடு அளக்கும் முள்ளை வைத்திருந்தோம். நேர்நாசிலைக் கூரையில் அடித்தபோது அந்த முள் கொஞ்சம்தான் நகர்ந்தது. தூவலை விரித்ததும் துள்ளி ஏறியது. ஒரு குடம் தண்ணீர் ஆவியானால் ஒரு அறையை நிரப்பிவிடும். ஜன்னல் இருந்தால் அந்த வழியாகப் போய்விடும். இல்லாவிட்டால் தண்ணீர் பிடிப்பவன்மேல்தான் திரும்பி வரும். பிரஷர் குறையக் குறைய இன்னும் மோசம்.

பெரிய இன்ஜினியரிடம் காட்டினேன். "ஒரு தடவை வந்ததை முடிவுன்னு சொல்லக்கூடாது. இன்னும் நாலு தடவை பாருங்க" என்றார். அது சரிதான். ஆனால் அண்ணனுக்கு எழுதாதே என்று அவர் சொல்லவில்லை. யாருமே சொல்லவில்லை. "மாடிக்குள் அதை விரிக்காதே, காரணம் பிறகு சொல்கிறேன்" என்று ஒரு வரி போதும். அந்த வரியை எழுத உட்கார்ந்தேன். எதிரே உன் கடிதம் இருந்தது. "தங்கச்சி நாசில்" என்று இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தேன். அதனால்தான் கேள்வியாகக் கேட்டேன். நேர்நாசிலைத்தான் கொண்டு போகிறேன் என்று நீ எழுதினால் சொல்லவே வேண்டியிருக்காது என்று ஒரு நப்பாசை. நீ வேறு பதில் எழுதினாய். அதற்குப் பிறகும், எல்லாச் சோதனையும் முடிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன்.

விசாரணைக்குழு இங்கே வரப்போகிறது. இதை அவர்களிடம் சொல்வேன்.

தங்கை


ஆகஸ்ட் 20

வாலு,

கை ஆறிவிட்டது. காதில் தழும்பு இருக்கும்; யார் பார்க்கப்போகிறார்கள்? நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று அண்ணி ஊகிக்கிறாள். சாப்பிடு.

குழுவிடம் சொல்லாதே. சொல்லி ஆகப்போவது என்ன? நான் என் வாக்குமூலத்தைக் கொடுத்துவிட்டேன். திறந்தது என் கை. "முதல்ல ஜன்னலை உடைக்கச் சொல்லு, அப்புறம் திற" என்று நிதானம் முதுகில் தட்டினான். உள்ளே ஆள் இருப்பதாக நினைத்து நான் காத்திருக்கவில்லை. தவறு அவ்வளவுதான். இதில் உனக்கு வேலை இல்லை.

நீ எழுதியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். என்றைக்கு உன் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? சிரித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். அதனால் நீ மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

நிதானம் வீட்டுக்கு வந்துவிட்டான். மூன்று முறை போனேன். அவன் மனைவி வாசலிலேயே, "தூங்குறாருங்க" என்றாள். உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

அண்ணன்


செப்டம்பர் 12

அண்ணாவுக்கு,

கை முழுக்க மடங்குகிறதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. அண்ணியை வருத்தப்பட வேண்டாம் என்று சொல்.

சொல்லிவிட்டேன். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர், "இத நீங்க சொல்லலேன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதேம்மா" என்றார். "அதனாலதான் சொல்றேன்" என்றேன். என்னைச் சோதனைக்கூடத்திலிருந்து எடுத்துக் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். பூட்ஸும் தொப்பியும் எடுத்துக் கொடுக்கிறேன். அதில் எனக்குக் குறை இல்லை.

இரண்டில் ஒன்று என்ற பேச்சே போய்விட்டது. எல்லா வண்டியிலும் இரண்டும் இருக்க வேண்டும். அடைத்த அறைக்கு நேர்நாசில், திறந்த வெளிக்கும் எண்ணெய்த் தீக்கும் தூவல். உத்தரவு உங்களுக்கும் வந்திருக்கும். இதை மே மாதமே நான் ஒரு தபால் அட்டையில் எழுதியிருக்கலாம்.

நீ கேட்டிருக்க மாட்டாய் என்று எழுதினாயே, அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எது எப்படியானாலும் நடந்திருக்கும் என்று நினைத்தால் கொஞ்சம் மூச்சு விட முடிகிறது. அதற்கு உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

தங்கை


நவம்பர் 3

வாலு,

நாங்கள் எல்லோரும் நலம். உன் கிடங்கில் தூசி அதிகம் என்று கேள்விப்பட்டேன். இருமல் வந்தால் மறைக்காதே. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் இருக்கிறது.

நேற்று நிதானம் கதவைத் திறந்தான். அவனே வந்து திறந்தான். கழுத்துத் தோல் இழுத்துக்கொண்டிருக்கிறது. குரல் சல்லடையில் வடிகட்டியதுபோல வருகிறது. பக்கத்தில் குனிந்து கேட்க வேண்டும். டீ கொடுத்தார்கள்.

பிறகு கேட்டான், "உன் தங்கச்சி நாசில்னுதானே அன்னிக்கு அத எடுத்தே?"

"ஆமா" என்றேன்.

"நான் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

டம்ளரை நங்கென்று கீழே வைத்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எழுந்து வந்திருப்பேன். அவன் திட்டவில்லை. விசாரணையில் நீ சொன்னது அவன் காதுக்கும் வந்திருந்தது. "அவ முன்னாடியே எழுதியிருந்தா நீ கேட்டிருப்பியா?" என்றான்.

உனக்கு எழுதியதையே அவனிடமும் சொன்னேன். கேட்டிருக்க மாட்டேன் என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அத்தனை வருஷம் என் முதுகைப் பார்த்தவன். முகத்தைப் படிக்கவா தெரியாது?

"பொய்" என்றான். "அவகிட்டயும் இதத்தான் சொன்னியா?"

"ஆமா, எழுதினேன்" என்றேன்.

"அவ நிம்மதிக்குன்னு சொல்லியிருப்பே. நாளைக்கு வேற ஏதாவது அவளுக்குத் தெரியவரும். அண்ணன் எங்க கேக்கப்போறான்னு மறுபடி வாயை மூடிக்குவா. அப்ப உனக்குப் பின்னால எவன் நிக்கிறானோ அவனுக்கு நீ என்ன பதில் சொல்லுவே?" இவ்வளவையும் பேசி முடிக்க அவனுக்கு எத்தனையோ தடவை நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது. அவன் மனைவி வந்து, "போதும், விடுங்க" என்றாள். கிளம்பும்போது, "இனிமே வரட்டுமா?" என்று கேட்டேன். "வா. ஆனா வேலையப் பத்திப் பேசாதே" என்றான்.

வீட்டுக்கு நடந்தே வந்தேன். நீ பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஒரு வரிதான் என்று எனக்குத் தெரியும். அதை உன் கையிலிருந்து பிடுங்க எனக்கு மனசே இல்லை. நேரில் என்றால் என்னால் முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

உன் முன்னால் சிரித்திருப்பேன். நிலையத்தில் நாலு பேர் எதிரே உன்னைக் கிண்டல்கூடச் செய்திருப்பேன். ஆனால் நீ சின்ன வயதிலிருந்து ஒரு விஷயத்தைக் காரணம் இல்லாமல் சொன்னதில்லை. அது எனக்கு எப்போதும் தெரியும். உனக்குத் தெரியும்படி நான் ஒரு நாளும் நடந்துகொள்ளவில்லை. மே மாதம் உன்னிடமிருந்து அந்த ஒரு வரி வந்திருந்தால், அடிப்பெட்டியிலிருந்து நேர்நாசிலை எடுத்துக்கொண்டுதான் அந்தப் படியில் ஏறியிருப்பேன்.

கேட்டிருப்பேன், வாலு.

அண்ணன்